வெள்ளை வண்டி எதுவரை போகும்? செஞ்சிலுவைக் குழுவின் பணயக்கைதிச் சேவை: ஒரு மதிப்புரை

சேவையின் பெயர்: நடுநிலை இடையீடு. தருபவர்: சர்வதேச செஞ்சிலுவைக் குழு, ஜெனீவா, 1863-இலிருந்து. கட்டணம்: கிடையாது. காத்திருக்கும் நேரம்: சில மணி நேரமும் ஆகலாம், ஐந்து வருடமும் ஆகலாம், வண்டி வராமலே போகவும் கூடும்.

வேறு எந்தச் சேவையாக இருந்தாலும் அந்தக் கடைசி வரிக்கே ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். இஸ்ரேலில் பலர் அதைத்தான் செய்தார்கள். 2023 அக்டோபர் 7-ஆம் தேதி ஹமாஸும் அதோடு சேர்ந்த ஆயுதக் குழுக்களும் 251 பேரைக் காசாவுக்குள் இழுத்துப் போயின. அவர்களை ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்க முடியாத செஞ்சிலுவைக் குழுவுக்கு அங்கே விழுந்த பட்டப்பெயர் டாக்ஸி கம்பெனி. ஆளைக் கொடுத்தால் ஏற்றிக்கொண்டு வரும், மற்றபடி ஒன்றுக்கும் ஆகாது என்று அர்த்தம். அந்தப் பக்கம், இஸ்ரேல் சிறைகளில் இருக்கும் பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு பாலஸ்தீனக் குடும்பங்களும் அதே செஞ்சிலுவை அலுவலக வாசலில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டன: ஏன் போய்ப் பார்க்கவில்லை? கேள்வி ஒன்றாக இருப்பதால் விஷயமும் ஒன்றுதான் என்று, நம் ஊர் டிவி விவாதம் வரைக்கும், பலரும் முடிவு கட்டிவிட்டார்கள். இந்தச் சேவை எப்படி ஓடுகிறது என்று மூடியைத் திறந்து பார்த்தால் அந்த முடிவு நிற்காது.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தமிழில் 'பணயக்கைதி' என்கிறோம். பின்னால் ஒட்டியிருக்கும் அந்தக் 'கைதி'தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். தலைப்பில் இடம் போதாதபோது பணயம் உதிர்ந்து கைதி மட்டும் நிற்கிறது. 'கைதிகள் பரிமாற்றம்' என்று அச்சாகிறது. படிப்பவருக்கு இரண்டு பக்கமும் ஜெயில், இரண்டு பக்கமும் கம்பி என்று தோன்றுகிறது. ஆனால் சொல்லின் எடை முன்பாதியில் இருக்கிறது. பணயம் என்றால் சூதில் வைக்கும் பொருள். தருமன் பாஞ்சாலியை வைத்தானே, அது. பணயமாக வைக்கப்பட்டவர் என்ன தப்பு செய்தார் என்ற கேள்வியே ஆட்டத்தில் எழாது. அவரை வைத்தால் எதிராளி என்ன கொடுப்பான் என்பதுதான் கணக்கு. 1979 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட பணயக்கைதிகள் ஒப்பந்தத்தின் வரையறையும் ஏறக்குறைய இதுவே: ஒருவரைப் பிடித்து வைத்துக்கொண்டு, கொல்வேன், காயப்படுத்துவேன், விடமாட்டேன் என்று மிரட்டி வேறொருவரைப் பணிய வைப்பது. 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் நான்குக்கும் பொதுவான 3-ஆம் பிரிவு இதை எந்தக் காலத்திலும் எந்த இடத்திலும் கூடாது என்கிறது. உன் போராட்டம் நியாயமானதா, முதலில் அடித்தது யார் என்று நிரப்ப அந்தப் பிரிவில் கட்டமே கிடையாது.

இனி சேவை. இது உண்மையில் இரண்டு சேவை. அடைபட்டவரைப் போய்ப் பார்ப்பது ஒன்று. விடப்படுபவரை ஏற்றி வருவது மற்றொன்று. டிவியில் காட்டுவது இரண்டாவதை. மதிப்பு அதிகம் முதலாவதற்கு.

போய்ப் பார்க்கும் வேலைக்கு ஐந்து நிபந்தனை. குழுவின் பொறுப்பில் வரும் எல்லாரையும் பார்க்க விட வேண்டும். அவர்கள் இருக்கும் எல்லா இடத்துக்கும் விட வேண்டும். சமையல்கட்டு, கழிப்பறை, தனிமைக் கொட்டடி உட்பட. பெயர் பதிவு செய்ய விட வேண்டும். காவலர் காதில் விழாமல் தனியே பேச விட வேண்டும். தேவைப்பட்டபோதெல்லாம் திரும்பி வர விட வேண்டும். இவற்றுக்கு ஒப்புக்கொண்ட இடத்தில் நடைமுறை இப்படிப் போகும்: முதலில் பொறுப்பதிகாரியோடு பேச்சு, பிறகு கட்டடம் முழுக்க ஒரு சுற்று, பிறகு கைதிகளோடு தனித்தனியாக, மொழிபெயர்ப்பாளரும் தேவைப்பட்டால் மருத்துவரும் உடனிருக்க, பேச்சு, கிளம்பும் முன் மறுபடி பொறுப்பதிகாரியிடம், கண்டது இது, மாற்ற வேண்டியது இது என்று ஒரு பேச்சு. பிறகு எழுத்தில் ஓர் அறிக்கை, சிறை வைத்திருப்பவருக்கு மட்டும். பத்திரிகைக்குப் போகாது.

ஐந்தில் எது முக்கியம் என்று கேட்டால் பெயர் பதிவு. ஒருவர் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, பார்த்த இடம், பார்த்த நாள் ஆகியவை ஜெனீவாவில் ஒரு வரியாக ஏறிவிட்டால், நாளைக்கு அந்த ஆளை 'அப்படி ஒருத்தர் இங்கே இல்லையே' என்று சொல்லிக் கரைப்பது கடினம். இலங்கைத் தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2009 பிப்ரவரியிலிருந்து மே 9 வரை புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் கரைகளிலிருந்து காயம்பட்டவர்களையும் உறவினர்களையும் சேர்த்துச் சுமார் 14,000 பேரைக் கப்பலில் ஏற்றியது இதே குழுதான். அதன் பிறகு வழி அடைபட்டது. போர் முடிந்த மே 18-ஐ ஒட்டி வட்டுவாகல் பக்கம் ராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர்களின் பெயரை எழுதிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. அந்தப் பெயர்களைத்தான் தாய்மார் இன்னும் பதாகையில் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

தனிப்பேச்சும் மறுவருகையும் ஏன் வேண்டும் என்பதற்குச் செஞ்சிலுவைக் குழுவின் சொந்த அவமானமே சான்று. 1944 ஜூன் 23 அன்று அதன் பிரதிநிதி தெரேசியன்ஸ்டாட் நாஜி முகாமுக்குப் போனார். முகாமுக்கு வெள்ளையடித்து, கடை வைத்து, குழந்தைகளை விளையாட விட்டு நாஜிகள் நாடகம் போட்டார்கள். காட்டியதைப் பார்த்தார், நல்லபடியாக எழுதிக் கொடுத்தார். இஸ்ரேலியர்கள் இந்த அமைப்பின் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பதன் வேர் அங்கே இருக்கிறது. தனியே பேசாத பார்வை, பார்த்தவரையும் நாடகத்தில் ஒரு பாத்திரமாக்கிவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 2025-இல் மறுபடி தேவைப்படும்.

கடிதச் சேவை எளிமையானது. ஒட்டாத ஒற்றைத் தாள். குடும்பச் சேதி மட்டும். இரண்டு பக்கமும் தணிக்கையாளர் படிப்பார். 'அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது, நன்றாக இருக்கிறாள்' போகும். 'நம் தெருவில் ராணுவம் நிற்கிறது' போகாது. போர்க்கைதிக்கு ஜெனீவா ஒப்பந்தம் தரும் உரிமை, பிடிபட்டு முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு ஓர் அட்டை, பிறகு மாதத்துக்குக் குறைந்தது 2 கடிதமும் 4 அட்டையும். 1949-இல் எழுதிய கணக்கு. இதைக் கையில் வைத்துக்கொண்டே காசாவை அளக்கலாம்.

அதற்கு முன் இரண்டாவது சேவை. ஆளை ஏற்றி வருவதில் செஞ்சிலுவைக் குழு பேரம் பேசாது, பணம் தூக்காது, எத்தனைக்கு எத்தனை என்று எண்ணாது. இரண்டு தரப்பும் வேறெங்கோ முடித்துக்கொண்ட பிறகு, எந்த வழி, எந்த நேரம், அந்த நேரத்தில் சுடமாட்டோம் என்ற வாக்கு, பெயர்ப் பட்டியல் ஆகியவை கைக்கு வந்தால்தான் வண்டி கிளம்பும். ஆள் பட்டியலில் உள்ளவர்தானா என்று பார்ப்பார்கள். பயணத்துக்குத் தாங்குவாரா என்று மருத்துவர் பார்ப்பார். ஆயுதம் கிடையாது, பாதுகாப்புக்குக் கூட வரும் காவல் வண்டி கிடையாது. அந்தச் சின்னத்தின் மேல் இரு தரப்புக்கும் உள்ள நம்பிக்கைதான் மொத்த முதலீடு.

ஒழுங்காக நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு லிமாவைச் சொல்லலாம். 1996 டிசம்பர் 17 அன்று பெரு நாட்டுத் தலைநகரில் ஜப்பான் தூதரின் இல்லத்தில் விருந்து நடக்கும்போது டூபாக் அமாரு இயக்கத்தின் 14 பேர் உள்ளே புகுந்து நூற்றுக்கணக்கானோரைப் பிடித்தார்கள். விருந்தாளிகளில் ஒருவர் செஞ்சிலுவைக் குழுவின் பெருநாட்டுத் தலைவர் மிஷேல் மின்னிக். அன்றிரவே நடுவில் நின்று பேச ஆரம்பித்தார். அடுத்து 126 நாள் உணவு, தண்ணீர், மாற்றுத்துணி, மருந்து, குடும்பக் கடிதம் எல்லாம் செஞ்சிலுவை கைவழியாக உள்ளே போயின. மருத்துவர்கள் போய் வந்தார்கள். பணயம் பிடித்தவர்களே இதற்கு ஒத்துக்கொண்டார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'முற்றுகையில் இருக்கும் ஆயுதக் குழுவால் இதெல்லாம் முடியாது' என்ற சாக்கு லிமாவிலேயே உடைந்துவிட்டது. 1997 ஏப்ரல் 22 அன்று ராணுவம் சுரங்கம் வழியாகப் பாய்ந்தது. எஞ்சியிருந்த 72 பேரில் 71 பேர் தப்பினார்கள். பிடித்தவர்கள் 14 பேரும் செத்தார்கள். அதில் ஒருவரைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த பிறகு கொன்றதற்காக அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2015-இல் பெரு அரசைப் பொறுப்பாக்கியது. அந்தத் தீர்ப்பினால் பணயம் பிடித்தது சரியாகிவிடவில்லை. பணயம் பிடித்ததால் அந்தக் கொலையும் சரியாகவில்லை. ஒரு குற்றத்தில் இன்னொன்றைக் கழித்து மீதி காட்டும் வழக்கம் நீதிமன்றத்துக்குக் கிடையாது, நம் காப்பிக்கடை வாதங்களுக்குத்தான் உண்டு.

நைஜீரியாவில் போகோ ஹராம் 2014-இல் சிபோக் பள்ளியிலிருந்து கடத்திய 276 மாணவிகளில் 21 பேரை 2016 அக்டோபரிலும் 82 பேரை 2017 மே மாதத்திலும் ஏற்றி வந்ததும் இதே வெள்ளை வண்டிகள்தான். (இலங்கையில் வெள்ளை வேன் என்றால் ஆட்களைக் கடத்திப்போன வண்டி ஞாபகம் வரும். இது நேர் எதிர்த் திசையில் போகும் வண்டி.)

கெட்டுப்போவது எங்கே என்றால், அநேகமாகச் சின்னத்தில். 2008 ஜூலை 2 அன்று கொலம்பிய ராணுவம் தொண்டு நிறுவன வேடம் போட்டு ஃபார்க் கொரில்லாக்களிடமிருந்து 15 பேரை ஒரு குண்டு சுடாமல் மீட்டது. உலகமே கைதட்டியது. இரண்டு வாரத்தில் படம் வெளியாகி, மீட்பு வீரர்களில் ஒருவர் செஞ்சிலுவைச் சின்னம் அணிந்திருந்ததை அதிபர் உரீபே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. நல்ல காரியம்தானே என்று தோன்றும். ஆனால் அடுத்த தடவை காட்டுக்குள் உண்மையான செஞ்சிலுவை ஹெலிகாப்டர் இறங்கும்போது கொரில்லாவின் விரல் துப்பாக்கி விசையில் இருக்கும். அந்தக் கடனை அடைப்பவர் சின்னத்தைப் போலியாக அணிந்தவர் அல்ல. இந்த அமைப்பின் ஆட்களுக்கே சின்னம் காவலாக இல்லாமல் போனதும் உண்டு: நைஜீரியாவில் 2018 மார்ச்சில் கடத்தப்பட்ட அதன் இளம் மருத்துவச்சிகள் இருவரை ஐ.எஸ். கிளை அதே ஆண்டு செப்டம்பரிலும் அக்டோபரிலும் கொன்றது. பிரசவம் பார்க்கப் போன பெண்கள்.

இன்னொரு பலவீனம் சட்டத்திலேயே இருக்கிறது. நாடுகளுக்கு இடையேயான போரில் போர்க்கைதிகளையும் அடைபட்ட குடிமக்களையும் பார்க்கச் செஞ்சிலுவைக் குழுவுக்கு உரிமை எழுதப்பட்டிருக்கிறது. ஆயுதக் குழுவிடம் போகும்போது கையில் இருப்பது 'சேவை செய்ய முன்வரலாம்' என்ற ஒரு வரி. கதவைத் தட்டலாம்; திறக்காவிட்டால் தட்டிக்கொண்டே நிற்கலாம். காசாவில் நடந்தது அதுதான்.

அதுவும் 2023-இல் ஆரம்பித்த கதை அல்ல. 2006 ஜூன் 25 அன்று பிடிபட்ட இஸ்ரேலியச் சிப்பாய் கிலாத் ஷாலித் 2011 அக்டோபர் 18-இல் 1,027 பாலஸ்தீனக் கைதிகளுக்கு ஈடாக விடப்படும்வரை, ஐந்து வருடத்துக்கு மேல், செஞ்சிலுவைக் குழுவை ஒருமுறைகூட அவரிடம் விடவில்லை. 2009-இல் ஒரு சின்ன வீடியோ வெளியே வந்தது, அதுவும் இலவசமாக அல்ல: 20 பெண் கைதிகளை விடுவதற்கு ஈடாக. உயிரோடு இருக்கிறார் என்ற செய்திகூட விலைக்கு. வீட்டுக்கு ஓர் அட்டை, ஒரு வாரத்துக்குள், இலவசம் என்ற 1949-ஆம் ஆண்டுக் கணக்கோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2023-க்குப் பிறகு ஐந்து நிபந்தனையும் பூஜ்யம். 9 மாதக் குழந்தையிலிருந்து 80 தாண்டியவர் வரை பிடிபட்டவர்களின் முழுப் பட்டியலைத் தரவில்லை. யார் உயிரோடு, யார் இல்லை என்று சொல்லவில்லை. தாய்லாந்துத் தோட்டத் தொழிலாளர்களும் நேபாளத்திலிருந்து விவசாயம் படிக்க வந்த ஒரு மாணவரும் அதில் உண்டு. அவர்களுக்கும் இந்தச் சண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதிலே இல்லை, பணயத்துக்குச் சம்பந்தம் தேவையில்லை. அந்த மாணவர் பிணமாகத்தான் ஊர் திரும்பினார். ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதி பிரமிளா பாட்டன், பிடித்து வைக்கப்பட்டவர்களில் சிலர் பாலியல் வன்முறைக்கு ஆளானதற்குத் தெளிவான, நம்பத்தக்க தகவல் இருப்பதாக 2024 மார்ச்சில் அறிக்கை தந்தார். 2024 ஆகஸ்ட் இறுதியில் ரஃபாவில் ஒரு சுரங்கத்திலிருந்து ஆறு பேரின் உடல் எடுக்கப்பட்டது. இஸ்ரேல் படை நெருங்குவதற்குச் சற்று முன்னால் மிக அருகிலிருந்து சுடப்பட்டிருந்தார்கள்.

பார்க்க விடாததற்கு ஹமாஸ் தரப்பில் சொல்லப்படும் காரணம், இடம் தெரிந்துவிட்டால் இஸ்ரேல் தாக்கும் என்பது. நடைமுறைச் சிக்கல் என்ற அளவில் பொய்யில்லை. ஆனால் கண்ணைக் கட்டிக் கூட்டிப் போகலாம், ஆளை வேறிடத்துக்குக் கொண்டுவந்து காட்டலாம், குறைந்தது ஒரு தாளில் கையெழுத்து வாங்கி அனுப்பலாம். கடிதத்துக்கு ஜி.பி.எஸ். கிடையாது. அதையும் செய்யாததற்கு இடப் பாதுகாப்பு காரணமாக இருக்க முடியாது.

2025 ஆகஸ்ட் தொடக்கத்தில் வெளியிட்ட வீடியோவைப் பாருங்கள், அல்லது பார்க்காமல் இதைப் படியுங்கள்: எலும்பும் தோலுமான ஓர் இளைஞர் சுரங்கத்துக்குள் மண்வெட்டியால் தன் குழியைத் தானே வெட்டுகிறார். இவருக்கு உணவும் மருந்தும் கொண்டுபோக விடுங்கள் என்று செஞ்சிலுவைக் குழுவிடமிருந்து கோரிக்கை வந்தால் ஏற்கத் தயார், ஆனால் முதலில் காசாவுக்கு உதவிப் பாதைகளைத் திறக்க வேண்டும் என்று ஹமாஸின் ராணுவப் பிரிவு பதில் சொன்னது. காசா மக்களுக்குச் சோறு போக வேண்டும் என்பது தனியாகவே நியாயமான கோரிக்கை. அதை மறித்தவர்கள் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த நியாயத்தைக் கொண்டுபோய் ஓர் இளைஞனின் தட்டில் பூட்டாகப் போட்டதுதான் பணயம் என்ற சொல்லின் முழு உருவம்.

அதே இளைஞரை ஐந்து மாதத்துக்கு முன்பே உலகம் பார்த்திருந்தது. 2025 பிப்ரவரி 22 அன்று காசாவின் நுசைராத்தில் மேடை போட்டு மற்றவர்களை விடுவித்தபோது, இவரையும் இன்னொருவரையும் ஒரு காரில் கொண்டுவந்து, தோழர்கள் வீட்டுக்குப் போவதை உட்கார்ந்து பார்க்க வைத்து, கெஞ்ச வைத்துப் படம் பிடித்தார்கள். பிறகு திருப்பிச் சுரங்கத்துக்குள். இருவரும் 2025 அக்டோபர் 13 அன்று கடைசி 20 பேரில் இருவராக உயிரோடு வந்தது ஆறுதல்.

மேடை விஷயத்தில்தான் செஞ்சிலுவைக் குழுவுக்கு மதிப்பெண் குறைகிறது. 2025 ஜனவரி கடைசியிலிருந்து விடுவிப்பு அநேகமாக ஒவ்வொன்றும் பந்தல், ஒலிபெருக்கி, சான்றிதழ், பரிசுப்பை என்று கல்யாண வீடு மாதிரி நடத்தப்பட்டது. முகமூடிக்காரர் பக்கத்தில் மேசை போட்டு, செஞ்சிலுவை அதிகாரி உட்கார்ந்து தாளில் கையெழுத்துப் போட்டார். கைமாறும் ஆளுக்கு ரசீது இருக்க வேண்டியதுதான். அதை வண்டிக்குள் போடலாம். மேடையில் போட்டால் கூட்டத்தில் நிற்பவருக்கு அது உலகம் தந்த அங்கீகாரமாகத் தெரியும். மறுத்திருந்தால் அன்றைக்கு மூன்று பேரின் விடுதலை தள்ளிப்போயிருக்கும் என்பது குழுவின் சங்கடம், புரிகிறது. ஆனாலும் மேடைக்கு ஏறமாட்டோம் என்பதை ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே மத்தியஸ்தர்களிடம் கேட்டு வாங்கியிருக்கலாம். பிறகு கேட்டதும் நடந்தது: பிப்ரவரி கடைசி ஒப்படைப்பும் அக்டோபர் விடுவிப்பும் மேடை இல்லாமலே முடிந்தன.

பிப்ரவரி 20 அன்று நான்கு சவப்பெட்டிகளை மேடையில் அடுக்கியபோது செஞ்சிலுவை ஊழியர்கள் வெள்ளைத் திரை பிடித்து மறைத்துத்தான் வண்டியில் ஏற்றினார்கள். அது சரியான வேலை. அந்த நான்கில் இரண்டு, குழந்தைகளுடையவை. அவர்களின் தாய் என்று கொடுத்த பெட்டியில் வேறு யாரோ ஒருவரின் உடல் இருந்தது; தாயின் உடல் அடுத்த நாள் தனியாக வந்தது. அக்டோபர் இறுதியில் இதைவிட மோசம்: ஓர் உடலின் எச்சத்தை முன்னதாகவே புதைத்துவைத்து, செஞ்சிலுவைக் குழுவினர் கண்முன் அப்போதுதான் தோண்டிக் கண்டெடுப்பதுபோல் நடித்தார்கள். இஸ்ரேலின் டிரோன் முழுவதையும் படம் பிடித்திருந்தது. போலியாக அரங்கேற்றியது ஏற்க முடியாதது என்று வழக்கத்துக்கு மாறாகக் குழு பகிரங்கமாகவே கண்டித்தது. தெரேசியன்ஸ்டாட்டிலிருந்து 81 வருடம். இந்த முறை நாடகம் என்று வாய்விட்டுச் சொன்னார்கள்.

டாக்ஸி கம்பெனி என்ற கேலிக்கு ஒரு கணக்கு: ராணுவ நடவடிக்கையில் உயிரோடு மீட்கப்பட்ட பணயக்கைதிகள் 8 பேர். ஒப்படைப்பில் உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் 150-க்கும் மேல். டாக்ஸி ஓடியது.

சரி, இஸ்ரேல் பக்கம்? 1967-க்குப் பிறகு பல பத்தாண்டுகள் செஞ்சிலுவைக் குழு இஸ்ரேல் சிறைகளுக்குப் போய் வந்தது, குடும்பங்களைப் பேருந்தில் கூட்டிப் போனது. 2023 அக்டோபர் 7-க்குப் பிறகு அரசு கதவை மூடியது. மனித உரிமை அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. அரசு அவகாசத்துக்கு மேல் அவகாசம் கேட்டது. 2025 அக்டோபர் கடைசியில் பாதுகாப்பு அமைச்சர் 'சட்டவிரோதப் போராளிகள்' சட்டத்தில் பிடித்தவர்களைப் பார்க்கச் செஞ்சிலுவைக்குத் தடை என்றே கையெழுத்திட்டார். ஆயிரக்கணக்கானோர் குற்றச்சாட்டே இல்லாமல் நிர்வாகக் காவலில். சிறையில் டஜன்கணக்கான சாவுகள். ஸ்டே தெய்மான் ராணுவத் தடுப்பு முகாமில் சித்திரவதை என்று வழக்குப் போடப்பட்டது. 2023 நவம்பரில் விடப்பட்ட 240 பேர் பெண்களும் சிறுவர்களும். பலருக்குத் தண்டனையே விதிக்கப்பட்டிருக்கவில்லை. 2025 பிப்ரவரியில் விடுவித்தவர்களுக்கு 'மறக்கமாட்டோம், மன்னிக்கமாட்டோம்' என்று அச்சடித்த சட்டையை மாட்டி அனுப்பினார்கள். அடைபட்டவரைக் காட்சிப்பொருளாக்கக் கூடாது என்ற அதே விதி இங்கேயும் உடைந்தது. சட்டை சின்னது, மேடை பெரியது என்று விட்டுவிட முடியாது. காசாவில் பல்லாயிரக்கணக்கில் மக்கள் செத்ததும் தனி வழக்கு, அதற்கும் பதில் வேண்டும்.

இத்தனையும் எழுதிய பிறகும் இரண்டும் ஒன்றல்ல. 2025 செப்டம்பரில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம், பாலஸ்தீனக் கைதிகளுக்கு அரசு போதிய உணவு தரவில்லை, உயிர்வாழப் போதுமான அளவுக்கு மூன்று வேளையும் கொடு என்று உத்தரவிட்டது. இப்படி ஓர் உத்தரவு தேவைப்பட்டதே வெட்கக்கேடு. ஆனால் மனு போட ஒரு வாசல் இருந்தது, போட அதே நாட்டில் ஆள் இருந்தது, எதிர்த்துத் தீர்ப்பெழுத நீதிபதி இருந்தார். அந்த வாசல் குறுகலானது, தாமதமானது, அடிக்கடி சாத்தப்படுவது என்பதெல்லாம் உண்மை. சுரங்கத்துக்கு வாசலே கிடையாது. சிறையில் சோறு குறைந்தால் அது சிறை செய்யும் தப்பு; திருத்தினால் சிறை சிறையாகவே இருக்கும். பணயக்கைதிக்கு மூன்று வேளை பிரியாணி போட்டாலும் குற்றம் முதல் நாள் முதல் நிமிடத்திலிருந்து அப்படியே நிற்கிறது, ஏனென்றால் பிடித்ததே குற்றம். விடுவதைத் தவிர அதில் திருத்த ஒன்றுமில்லை. செஞ்சிலுவைக் குழுவும் இதைத்தான் இரண்டு விதமாகக் கேட்கிறது, கவனித்தால் தெரியும்: கைதிகளுக்காக 'பார்க்க விடுங்கள்' என்கிறது, பணயக்கைதிகளுக்காக 'உடனே, நிபந்தனையின்றி விடுங்கள்' என்கிறது.

2024 நவம்பர் 21 அன்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ஒரே நாளில் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு, முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் கலான்ட் இருவருக்கும் ஹமாஸின் ராணுவத் தலைவர் முகமது தெய்ஃபுக்கும் பிடியாணை தந்தபோது, சமப்படுத்திவிட்டார்கள் என்று ஒரு பக்கம் கத்தினார்கள். பார், சமம்தான் என்று மறுபக்கம் சிரித்தார்கள். ஆணைகளைப் படித்தவருக்கு இரண்டும் வேடிக்கை. தெய்ஃப் மேல் பணயம் பிடித்தல், கொலை, சித்திரவதை. மற்ற இருவர் மேல் பட்டினியைப் போர் முறையாக்கியது உள்ளிட்டவை. அவரவர் செய்ததற்கு அவரவர் தாள். ஒரு நாளில் இரண்டு தாள் வருவது சமன்பாடு ஆகாது.

எங்கள் மதிப்பெண்: கதவு திறந்த இடத்தில் பார்வையிடும் சேவைக்கு ஐந்துக்கு நாலரை. ஏற்றி வரும் சேவைக்கு நாலு. மேடைக்காக ஒன்று போயிற்று. குடும்பங்களோடு பேசும் பக்குவத்துக்கு இரண்டுதான். 'ரகசியமாக முயல்கிறோம்' என்பதை ஒரே சுரத்தில் இரண்டு வருடம் கேட்டவர்களுக்கு, என்று எந்த மட்டத்தில் கேட்டோம், யார் மறுத்தார் என்பதை அவர்களிடமாவது சொல்லியிருக்கலாம்.

சேவையை நாடும் நிலை யாருக்கும் வர வேண்டாம். வந்தால்: போர் நடக்கும் நாட்டில் வேலைக்குப் போனவர் தொடர்பு அறுந்தால், உள்ளூர்ச் செஞ்சிலுவைச் சங்கம் அல்லது செஞ்சிலுவைக் குழுவின் அலுவலகத்தில் தேடுதல் விண்ணப்பம் தரலாம். பணம் கேட்டால் அது செஞ்சிலுவை அல்ல. கடைசியாகப் பேசிய தேதி, இடம், வேலை கொடுத்தவர், உடல் அடையாளம், சமீபத்திய படம் வேண்டும். கடத்தியவர் யாராவது பேசியிருந்தால் அதைப் போலீசிடமும் வெளியுறவு அமைச்சகத்திடமும் சொல்லுங்கள். பேரம் இங்கே நடக்காது. நம்மவர் அடிக்கடி கோட்டைவிடுவது பெயரில்: 'கே. முருகன்' என்று எழுதிக் கொடுப்போம். பாஸ்போர்ட்டில் 'முருகன் கந்தசாமி' என்று இருக்கும். அரபு நாட்டுப் பட்டியலில் 'கந்தசாமி' மட்டும் ஏறியிருக்கும். இனிஷியலை விரித்து, தகப்பன் பெயர், தாய் பெயர் இரண்டையும் முழுதாக, பாஸ்போர்ட்டில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலோடு எழுதுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் வேறாக இருந்தால் அதையும் பக்கத்திலேயே போடுங்கள்.